அசோகப்பட்டை: அடையாளம் முதலில், அளவு பிறகு



இன்று ஒரே ஒரு மரத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இருபது மூலிகைகளைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி ஒதுக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு மரத்தின் பட்டை சோதனைக்கூடத்துக்குள் வருவது முதல் சான்றறிக்கையாக வெளியே போவது வரை எந்தெந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நிதானமாகப் பார்த்தால், மற்ற மூலிகைகளுக்கும் அதே வழி பிடிபடும். நான் எடுத்துக்கொண்ட மரம் அசோகு. பழந்தமிழ் இலக்கியம் பிண்டி என்றும் செயலை என்றும் பாடிய மரம். சமணர்களுக்கு அருகன் வீற்றிருக்கும் நிழல். இராமாயணத்தில் சீதை சிறையிருந்த வனம்.

இவ்வளவு பழகிய மரத்தை நாம் இன்று அடையாளம் காண்பதில்லை. தமிழ்நாட்டில் யாரிடமாவது அசோக மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலோர் பள்ளிக்கூட மதிலோரத்தில் ஒல்லியாக உயர்ந்து, கிளைகள் கீழ்நோக்கித் தொங்க, வரிசையாக நிற்கும் மரத்தைத்தான் காட்டுவார்கள். அது நெட்டிலிங்கம். சீத்தா மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலை தனியிலை, நீண்டு, ஓரம் அலையலையாக இருக்கும். பூ வெளிர்பச்சை, ஆறு இதழ்கள், இலைக்கும் பூவுக்கும் வேறுபாடு தெரியாமலே கடந்துபோய்விடுவோம்.

அசோகு அவரைக் குடும்பத்து மரம். புளிய மரத்துக்கு நெருங்கிய உறவு. இலை கூட்டிலை. சிற்றிலைகள் இணை இணையாக அமைந்திருக்கும். தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். பூக்கள் கிளையிலும் முதிர்ந்த தண்டிலும் கொத்துக் கொத்தாக வெடிக்கும். ஆரஞ்சு நிறத்தில் விரிந்து, நாள் ஆக ஆகச் சிவக்கும். அந்தப் பூவுக்கு அல்லி இதழே கிடையாது. நாம் இதழ் என்று ரசிப்பது நிறமேறிய நான்கு புல்லிகளைத்தான். காய் தட்டையான நெற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளிலும், வடகிழக்கு மாநிலங்களிலும், இலங்கையிலும் ஓடைக்கரைகளில் இயல்பாக வளர்வது. மரமாக நிற்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. உரித்து, காயவைத்து, துண்டுபோட்டு, சாக்கில் கட்டிய பிறகு நிலைமை வேறு. இலையும் பூவும் காட்டிலேயே நின்றுவிடுகின்றன. நாட்டு மருந்துக் கடைக்கு வருவது பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை, அவ்வளவுதான்.

அந்தப் பட்டைக்குத்தான் மருத்துவ மதிப்பு. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை வலி தணிக்கும் பத்துச் சரக்குகளில் ஒன்றாக அசோகைச் சேர்க்கிறது. பின்வந்த நூல்கள் அதைப் பெண்களின் மிகையான மாதவிடாய்ப் போக்குக்கு முதன்மை மருந்தாக்கின. பைஷஜ்ய ரத்னாவளியில் சொல்லப்படும் அசோகாரிஷ்டம் இன்றும் பல நிறுவனங்கள் தயாரிக்கும் மருந்து. இரத்தப்போக்கால் சோர்ந்துபோன ஒரு பெண் காசு கொடுத்து வாங்கிப் போகும் பட்டை அல்லது அரிஷ்டம் இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

2016இல் பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று செய்த ஓர் ஆய்வு சட்டமருத்துவத்துக்கான ஒரு பன்னாட்டு இதழில் வெளிவந்தது. பெரும்பாலும் தென்னிந்தியத் தீபகற்பத்தில் உள்ள 25 கடைகளிலிருந்து அசோகப்பட்டை என்ற பெயரில் விற்ற சரக்கை வாங்கி, டி.என்.ஏ. பட்டைக்குறியீட்டாலும் என்.எம்.ஆர். நிறமாலையாலும் சோதித்தார்கள். மாதிரிகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அசோகே இல்லை. அவை குறைந்தது ஏழு வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒரு போலிச் சரக்கு இருந்தால் அதற்கென ஒரு சோதனை வைத்துத் தடுத்துவிடலாம். ஏழு குடும்பங்கள் என்றால், கையில் கிடைத்த பட்டையெல்லாம் அசோகு என்ற பெயரில் சாக்கில் ஏறுகிறது என்று பொருள். இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன்.

இனி சோதனைக்கூடத்துக்குள் போவோம்.

மேசைமேல் ஒரு பட்டைத் துண்டு இருக்கிறது. இளம் ஆய்வாளர்கள் உடனே செய்ய விரும்புவது, அதைப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, கருவியில் ஏற்றுவது. கருவி ஓர் எண்ணைத் தரும். அந்த எண் எதைப் பற்றியது? மரத்தின் பெயர் உறுதியாகாதவரை அது எதைப் பற்றியதும் இல்லை. ஆகவே பகுப்பாய்வின் முதல் கருவி நிறமாலைமானி என்று நான் கருதவில்லை; காய்ந்த பூங்கிளை ஒட்டிய ஒரு தாள்தான் முதல் கருவி. பட்டை எடுத்த அதே மரத்திலிருந்து பூவோ காயோ உள்ள கிளையை வெட்டி, அழுத்தி உலர்த்தி, எடுத்த இடம், நாள், எடுத்தவர், எண் ஆகியவற்றை எழுதி, ஓர் உலர்தாவரகத்தில் ஒப்படைக்க வேண்டும். நமக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரகம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967இல் தொடங்கிய ராப்பினாட் உலர்தாவரகம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பு இருக்கிறது. நாளை என் முடிவு தவறு என்று ஒருவர் ஐயப்பட்டால், அவர் போய் அந்தத் தாளைப் பார்க்கலாம். அறிவியலில் மறுப்பதற்கு இடம் வைப்பது அந்தத் தாள்தான்.

பழைய ஆய்வுக்கட்டுரைகளைத் தேடும் மாணவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த மரத்துக்குத் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் முதலில் வைத்த பெயர் ஜோனேசியா அசோகா. கல்கத்தாவில் ஆசியவியல் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸின் நினைவாக வைத்தது. பிறகு நெடுங்காலம் இந்திய நூல்கள் இதைச் சராக்கா இண்டிகா என்றே எழுதின. அந்தப் பெயர் உண்மையில் தென்கிழக்கு ஆசியாவில் வளரும் இன்னொரு இனத்துக்கு உரியது. நம் மரத்தின் சரியான பெயர் சராக்கா அசோகா. ஆகையால் சராக்கா இண்டிகாவின் வேதிப்பொருள்கள் என்று ஒரு பழைய கட்டுரை சொன்னால், எந்த நாட்டில், எந்த மரத்திலிருந்து எடுத்த பட்டை என்று பார்த்த பிறகே அதன் தரவை எடுத்தாள வேண்டும்.

கடைச்சரக்கில் பூங்கிளை கிடையாது. அங்கே நாம் சான்றளிக்கப்பட்ட பட்டையை ஒரு பக்கமும், வாங்கிய பட்டையை மறுபக்கமும் வைத்து ஒப்பிட வேண்டும். முதலில் கண்ணும் நாக்கும். அசோகப்பட்டை காயும்போது வாய்க்கால்போல உட்பக்கம் வளையும். மேற்பரப்பு கரும்பழுப்பு அல்லது சாம்பல் நிறம். மூச்சுத்துளைகள் பருக்கள்போலப் புடைத்துத் தடவினால் சொரசொரக்கும். ஆங்காங்கே மரப்பாசியின் வெளிறிய திட்டுகள் இருக்கும். உட்புறம் செம்பழுப்பு, நீளவாக்கில் மெல்லிய இழைகள். ஒடித்தால் சிம்பு சிம்பாக முறியும். முறிந்த இடத்தில் கார்க்குக்குக் கீழே மெல்லிய வெண்ணிற அடுக்கு ஒன்று இடைவெளியில்லாமல் ஓடும். சுவை நல்ல துவர்ப்பு. அனுபவப்பட்ட மருந்துக்கடைக்காரர்கள் ஒடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் பொடியாக வரும் சரக்கில் ஒடிக்க ஒன்றும் இல்லை.

நுண்ணோக்கியின் அருமை அங்கேதான் தெரியும். கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். விலை குறைவு, ஒரு மாவட்டக் கல்லூரியிலும் இருக்கும், பார்த்த மாத்திரத்தில் பேசும். அசோகப்பட்டையின் குறுக்குவெட்டில் அகலமான கார்க் அடுக்கு, அதன் கீழே குறுகிய புறணி, அதில் ஒன்றிரண்டு வரிசைகளாகக் கல்செல்கள் வளையம் விடாமல் ஓடுவதைக் காணலாம். கல்செல்கள் என்பவை சுவர் தடித்து, உள்ளே வெற்றிடம் சுருங்கி, இறுகிப்போன செல்கள். ஃபுளோரோகுளூசினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்தால் அவற்றின் லிக்னின் செந்நிறம் ஏறும். உள்ளே புளோயத்தில் நார்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். அந்த நார்களை ஒட்டி, சிறு அறைகளில் கால்சியம் ஆக்சலேட் பட்டகப் படிகங்கள் வரிசையாக அடைபட்டிருக்கும். படிக உறை நார்கள் என்கிறோம். மாவாக அரைத்தாலும் இவை அழியாது. படிகம் உண்மையில் ஆக்சலேட்தானா என்று உறுதிசெய்யச் சொட்டு அமிலம் போதும்: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரைக்காமல் கரைந்தால் ஆக்சலேட், நுரைத்தால் கார்பனேட்.

நெட்டிலிங்கப் பட்டையை அதே கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள். சீத்தாக் குடும்பத்துக்கே உரிய அமைப்பு வெளிப்படும். நார்ப் பட்டைகளும் மென்திசுப் பட்டைகளும் மாறி மாறி அடுக்கடுக்காக இருக்கும். கதிர்த்திசு வெளிப்புறம் போகப் போகப் புனல்போல விரியும். இடையில் புளோயம் ஆப்பு வடிவில் கூர்ந்து நிற்கும். இரண்டையும் ஒருமுறை அருகருகே பார்த்த மாணவர் பிறகு ஏமாறமாட்டார்.

சாம்பல் அளவு, கரைபொருள் அளவு ஆகியவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பட்டையை எரித்து எஞ்சும் சாம்பலில் அமிலத்தில் கரையாத பகுதி அதிகமிருந்தால் மண்ணும் மணலும் கலந்திருக்கிறது. நீரிலும் சாராயத்திலும் கரையும் பகுதி குறைந்தால், ஏற்கெனவே சாறு இறக்கிய சக்கையோ, மட்டமான சரக்கோ என்று ஐயுற வேண்டும். கன உலோகங்களுக்கு எல்லை உண்டு: ஈயம் பத்து இலட்சத்தில் 10 பங்கு, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. இவையெல்லாம் தூய்மையைச் சொல்லும். மரத்தின் பெயரைச் சொல்லாது. நெட்டிலிங்கப் பட்டையும் இந்தத் தேர்வுகளில் தூய்மையாகத் தேறிவிடக்கூடும்.

வேதியியலுக்கு வருவோம். அசோகப்பட்டையின் துவர்ப்புக்குக் காரணம் டானின்கள். கேடிகின், எபிகேடிகின் என்ற சிறு மூலக்கூறுகள், அவை இரண்டும் மூன்றும் பலவுமாகக் கோத்துக்கொண்ட புரோசயனிடின்கள், லியூக்கோசயனிடின் வகைகள், லிக்னான் கிளைகோசைடுகள், பீட்டா சிட்டோஸ்டெரால் ஆகியவை இதிலிருந்து பிரித்தறியப்பட்டவை. நெட்டிலிங்கத்தின் வேதியியல் வேறு உலகம்: கிளெரோடேன் வகை டைடெர்ப்பீன்கள், அபோர்ஃபின் வகை ஆல்கலாய்டுகள். எனவே முதல்நிலைச் சோதனைக் குழாயிலேயே ஒரு குறிப்புக் கிடைக்கும். அசோகச் சாற்றில் ஃபெரிக் குளோரைடு கரும்பச்சையாகத் திரியும். வனிலினும் அமிலமும் சிவக்கும். ஆல்கலாய்டு உள்ள சாற்றில் டிராகன்டார்ஃப் வினைப்பொருள் ஆரஞ்சு நிற வீழ்படிவு தரும். இவை ஐயத்தை எழுப்பப் பயன்படுபவை. தீர்ப்பு எழுத இவை போதா. புரதமும் சில டானின்களும் கூட டிராகன்டார்ஃபைத் தவறாகத் தூண்டிவிடும்.

அடுத்தது மெல்லடுக்கு வண்ணப்பிரிகை. வண்ணப்பிரிகை என்ற முறையே ஒரு தாவரவியலாளர் நமக்குத் தந்தது. ருஷ்யரான மிகயீல் ஸ்வெட், 1900களின் தொடக்கத்தில், இலையின் நிறமிகளைச் சுண்ணாம்புத்தூள் நிரப்பிய குழாயில் இறக்கிப் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகப் பிரித்தார். இன்று சிலிக்கா பூசிய தகட்டில் சான்றுப் பட்டையின் சாறு, ஐயத்துக்குரிய பட்டையின் சாறு, தூய கேடிகின் என்று பக்கத்தில் பக்கத்தில் புள்ளிவைத்து, கரைப்பானில் ஏற்றி, 254, 366 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பார்க்கிறோம். பிறகு அனிசால்டிஹைடும் கந்தக அமிலமும் தெளித்துச் சூடாக்கினால் ஒளியில் தெரியாத பொருள்களும் நிறமெடுத்து எழும். ஒரே தகட்டில் பத்துப் பதினைந்து மாதிரிகள். ஒரு பட்டை எந்த வரிசையோடு ஒத்துப்போகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

இங்கேதான் நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி இருக்கிறது. சான்றறிக்கைகளில் 'கேடிகின் உள்ளது, ஆகவே அசோகு' என்ற வகையில் முடிவு எழுதுவது சரியில்லை. கேடிகின் தேயிலையில் உண்டு, கோகோவில் உண்டு, எத்தனையோ மரப்பட்டைகளில் உண்டு. அது அசோகின் முகவரி ஆகாது. அதைவிட முக்கியம், அசோகப்பட்டையின் மருத்துவ வினைக்குக் கேடிகின் ஒன்றே காரணம் என்று நிறுவப்படவும் இல்லை. அளக்க எளிது, தூய பொருள் விலைக்குக் கிடைக்கிறது என்பதால் அதைக் குறிப்பொருளாக வைத்திருக்கிறோம். போலிச் சரக்குக்காரர் கேடிகின் மிகுந்த இன்னொரு பட்டையைக் கலந்துவிட்டால் இந்த ஒற்றை அளவு அவருக்கு நற்சான்று கொடுத்துவிடும். ஒரு பொருளைப் பார்க்காமல், பத்திருபது உச்சிகள் எந்த விகிதத்தில், எந்த வரிசையில் எழுகின்றன என்ற முழுக் கோலத்தையும் பார்க்க வேண்டும். என்.எம்.ஆர். நிறமாலையும் புள்ளியியலும் சேர்ந்து செய்வது அதைத்தான்: சாற்றில் உள்ள எல்லா ஹைட்ரஜன்களின் குரலையும் ஒருங்கே பதிந்து, ஒத்த மாதிரிகளை ஓரிடத்திலும் ஒவ்வாதவற்றை வேறிடத்திலும் கூட்டம் பிரித்துக் காட்டுகிறது.

உயர்திறன் திரவ வண்ணப்பிரிகையைப் பற்றி ஒரு நுட்பம். கேடிகினும் எபிகேடிகினும் ஒரே வாய்பாடு கொண்டவை; கார்பன் 15, ஹைட்ரஜன் 14, ஆக்சிஜன் 6. மூலக்கூறு எடை இரண்டுக்கும் 290. ஒரே ஒரு கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டும் வேறு. நிறை நிறமாலைமானியில் எதிர்மின் அயனியாகப் பார்த்தால் இரண்டும் 289 என்ற ஒரே இடத்தில் நிற்கும். புற ஊதாவில் இரண்டும் 280 நானோமீட்டர் அருகே உறிஞ்சும். இவற்றைப் பிரிப்பது பல இலட்சம் ரூபாய் நிறைமானியின் வேலை இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் சாண் நீளக் குழாயின் வேலை. குழாயிலிருந்து ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வெளிவருகின்றன. ஆகவே குழாயில் நன்றாகப் பிரிக்காமல் நிறையை மட்டும் நம்பி எழுதும் அறிக்கை, எவ்வளவு விலையுயர்ந்த கருவியிலிருந்து வந்தாலும், இரண்டு பொருள்களை ஒன்றாகக் கூட்டி எழுதிய அறிக்கை.

டி.என்.ஏ.வுக்கு இன்று பெரும் மதிப்பு இருக்கிறது. 2009இல் நிலத்தாவரங்களுக்கு ஆர்.பி.சி.எல்., மாட்கே என்ற இரண்டு பசுங்கணிக மரபணுப் பகுதிகளை அடிப்படைக் குறியீடாக உலகத் தாவரவியலாளர்கள் ஏற்றார்கள். பட்டையிலிருந்து அந்தப் பகுதியைப் பெருக்கி, எழுத்து வரிசையைப் படித்து, தரவகத்தில் ஒப்பிட்டால் குடும்பம், பேரினம், பல வேளைகளில் இனமே தெரிந்துவிடும். ஆனால் மரப்பட்டை டி.என்.ஏ.வுக்கு இணக்கமான இடம் இல்லை. செல்கள் பெரும்பாலும் இறந்தவை. எந்த டானினை மருந்துக்காகத் தேடுகிறோமோ அதே டானின் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு பெருக்கும் நொதியை முடக்கும். பி.வி.பி. சேர்த்து டானினைக் கட்டிப்போட்டு, சி.டி.ஏ.பி. முறையில் பொறுமையாகப் பிரித்தெடுக்க வேண்டும். இன்னொன்று: டி.என்.ஏ. மரத்தின் பெயரைச் சொல்லும். அது பட்டையா, கட்டையா, வேரா, பழையதா புதியதா, பூஞ்சை பிடித்ததா என்று சொல்லாது. தரவகத்தில் உள்ள ஒப்பீட்டு வரிசையே தவறாக அடையாளம் காணப்பட்ட மரத்திலிருந்து வந்திருந்தால் நம் விடையும் தவறும். மறுபடியும் அந்த உலர்தாவரகத் தாளிடம்தான் போய் நிற்கிறோம்.

காய்ச்சி, வடிகட்டி, வெல்லமும் காட்டாத்திப் பூவும் சேர்த்து நொதிக்கவைத்த அரிஷ்டத்தில் கல்செல் இராது, டி.என்.ஏ. இருந்தாலும் துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும். டானின்களும் நொதித்தலில் உருமாறும். புட்டியில் ஊற்றிய பிறகு மரத்தைத் தேடுவது ஏறத்தாழ முடியாத காரியம். அதனால் மருந்து செய்யும் நிறுவனங்களிடம் என் வேண்டுகோள் எளிமையானது. ஒவ்வொரு தொகுதிக்கும் கொப்பரையில் போடும் முன், முழுப்பட்டையாக ஒரு கைப்பிடியை எடுத்து, எண்ணிட்டு, அந்த மருந்தின் காலாவதி நாளுக்குப் பிறகும் சில காலம் உலர்வாக வைத்திருங்கள். பொடியாக வரும் அசோகை வாங்காதீர்கள், பட்டையாகக் கேளுங்கள். முன் சொன்ன சோதனைகளில் கண், நாக்கு, நுண்ணோக்கி ஆகியவற்றால் செய்பவற்றுக்கு ஒரு நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும்.

போலி ஏன் வருகிறது என்ற கேள்விக்கு வியாபாரியின் பேராசை என்று மட்டும் பதில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. உண்மையான அசோகு அவர்களுக்கும் கிடைப்பதில்லை. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1998இல் இதை அழிவாய்ப்பு இனம் என்று வகைப்படுத்தியது. இலையில் செய்த உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்பகுதி வழியாக. சுற்றிலும் உரித்தால் வேர் பட்டினி கிடந்து மரம் சாகிறது. ஒரு பக்கத்தில் மட்டும், செங்குத்தாக, குறுகிய துண்டாக எடுத்து மறுபக்கத்தைத் தொடாமல் விட்டால் மரம் பிழைக்கும். அதற்கு மரம் தனக்கோ தன் ஊருக்கோ சொந்தம் என்ற உரிமை எடுப்பவருக்கு இருக்க வேண்டும். பட்டைக்குப் பதில் வெட்டினாலும் துளிர்க்கும் சிறுகிளைகளிலோ இலையிலோ அதே வேதிக்கோலம் இருக்கிறதா என்று பார்ப்பது நம் துறைக்கு உரிய வேலை. கோலம் ஒத்திருந்தால் மட்டும் போதாது, மருத்துவப் பயனும் ஒத்திருக்க வேண்டும். அதற்கு மருத்துவர்களும் நம்மோடு சேர வேண்டும்.

இந்த அரங்கில் இருக்கும் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். வளாகத்தில் அடுத்த மழைக்கு மரக்கன்று நடும்போது, மதிலோரத்து நெட்டிலிங்க வரிசைக்குப் பக்கத்தில் நிழலும் ஈரமும் உள்ள ஓரிடத்தில் இரண்டு மூன்று அசோகக் கன்றுகளை நடுங்கள். வனத்துறை நாற்றங்கால்களில் விசாரியுங்கள். கூட்டிலையா என்று பார்த்து வாங்குங்கள். பூக்கும் ஆண்டில் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி உலர்தாவரகத்துக்கு அனுப்புங்கள். அதன்பின் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் ஒவ்வொரு பட்டைப் பொட்டலத்தையும் ஒப்பிட, பெயரும் முகவரியும் தெரிந்த ஒரு மரம் உங்களிடம் இருக்கும்.